எழுதியவர் எண்ணாத வழி: இணையப் பாதுகாப்பு ஆய்வு என்னும் தொழில்

இணையப் பாதுகாப்பு என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறுபட்ட தொழில்கள் நடைபெறுகின்றன. ஒரு வங்கியின், மருத்துவமனையின், அரசுத் துறையின் கணினிகளை இரவும் பகலும் கண்காணித்து, ஐயத்துக்குரிய நுழைவுகளைத் தடுத்து, மென்பொருள்களுக்குரிய திருத்தங்களைக் காலந்தவறாமல் நிறுவிவருவது முதலாவது; வேலைவாய்ப்புகளின் பெரும்பகுதி இதில்தான் உள்ளது. அந்தத் திருத்தங்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வியில் தொடங்குவது இரண்டாவது. ஒரு மென்பொருளில் குறை இருக்கிறது என்பதைத் தீய நோக்கமுடையவர் கண்டுகொள்வதற்கு முன் யாரோ ஒருவர் கண்டுபிடித்து, அது எதனால் நேர்ந்தது என்று விளக்கி, அதே வகைக் குறை மீண்டும் தோன்றாமலிருக்க வழியும் சொல்லியிருந்தால்தான் காவல் பணியில் இருப்பவருக்குக் கையில் ஏதாவது கிடைக்கும். அந்த யாரோ ஒருவரின் தொழிலே இணையப் பாதுகாப்பு ஆய்வு. நோயாளிக்கு மருந்து கொடுப்பவருக்கும் அந்த மருந்தைக் கண்டறிந்தவருக்கும் உள்ள உறவும் இடைவெளியும் இவ்விரு தொழில்களுக்கிடையிலும் உண்டு. இத்துறைக்கு வர விரும்பும் மாணவர் இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுவதால்தான் தமக்கு எந்தப் பயிற்சி வேண்டும் என்பதிலேயே பலரும் தடுமாறுகின்றனர்.

ஆய்வாளர் உண்மையில் எதைத் தேடுகிறார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நிரலை எழுதுபவர் தம்மையறியாமலேயே பலவற்றை நம்பி எழுதுகிறார்: பயனர் தம் பெயரை இடச்சொன்னால் பெயரைத்தான் இடுவார், அது இத்தனை எழுத்துக்கு மேல் போகாது, இந்தக் கோரிக்கை வந்த இடத்தில் ஒரே ஒரு மனிதர்தான் இருக்கிறார், செயலி தான் கைவிட்ட கணக்கின் சுவடு எதையும் விட்டுவைக்காது என்பன போன்ற நம்பிக்கைகள் அவை. தர்க்கவியலில் இவற்றை எடுகோள் என்பர். எடுகோள் இல்லாமல் ஒரு வரி நிரலும் எழுத முடியாது என்பதால் இதில் எழுதுபவரின் குற்றம் என்று எதுவும் இல்லை. ஆனால் எழுதப்படாமலும் சரிபார்க்கப்படாமலும் உள்ளே கிடக்கும் எடுகோள் ஒன்று பொய்யாகும் இடத்தில்தான் ஒவ்வொரு பாதுகாப்புக் குறையும் பிறக்கிறது. ஆகவே இந்த ஆய்வு, அடிப்படையில், ஒருவகை வாசிப்பு. எழுதியவர் சொன்னதைப் புரிந்துகொண்டபின் அவர் சொல்லாமல் விட்டதையும் கண்டறியும் வாசிப்பு.

பொய்யாகிப்போன எடுகோளின் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று 1988 நவம்பர் 2 அன்று வெளிப்பட்டது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவரான ராபர்ட் மாரிஸ் எழுதி வெளியிட்ட, தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும் புழு வகை நிரல் ஒன்று, அந்நாளைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று ‘ஃபிங்கர்’ என்னும் எளிய சேவை. ஒரு பயனரின் பெயரை அனுப்பினால் அவரைப் பற்றிய விவரத்தைத் திருப்பித் தருவது மட்டுமே அதன் வேலை. வரும் பெயரை இருத்திவைக்க அந்த நிரல் 512 பைட் நீளமுள்ள இடையகம் ஒன்றை, அதாவது தற்காலிக நினைவக இடத்தை, ஒதுக்கியிருந்தது. ஒரு பெயருக்கு அது தாராளமான இடம். ஆனால் பெயரை வாங்கிவைக்கும் பொறுப்பு சி மொழியின் ‘கெட்ஸ்’ என்னும் செயற்கூறிடம் விடப்பட்டிருந்தது. அதுவோ வருகிற எழுத்துகளை எண்ணிப் பார்க்கும் வழக்கமே இல்லாமல், வரி முடியும்வரை வாங்கி வாங்கி அடுத்தடுத்த இடங்களில் எழுதிக்கொண்டே போவது.

புழு அனுப்பியது 536 பைட். முதல் 512 பைட் தமக்குரிய இடத்தில் அமர்ந்தபின் எஞ்சிய 24 பைட் அண்டை நினைவகத்தில் வழிந்தன. அந்த அண்டைப் பகுதியில்தான், செயற்கூறு தன் வேலையை முடித்ததும் நிரலின் எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற முகவரியும் எழுதிவைக்கப்பட்டிருந்தது. வழிந்து சென்ற பைட்டுகள் அந்த முகவரியை அழித்து, புழுவே அனுப்பியிருந்த கட்டளைகள் கிடக்கும் இடத்தின் முகவரியை அங்கே எழுதின. செயற்கூறு தன் வேலை முடிந்ததாக எண்ணித் திரும்பியபோது, தன் வீட்டுக்குத் திரும்பாமல் அந்நியர் காட்டிய வீட்டுக்குள் சென்றது. இடையக வழிவு என்று அழைக்கப்படும் இந்த வகைக் குறைக்கு அடியில் இருந்த எடுகோள், பெயர் 512 எழுத்துக்குள் அடங்கும் என்பது மட்டுமே. ‘கெட்ஸ்’ செயற்கூறு சி மொழியின் தரநிலையிலிருந்து நீக்கப்பட்டது 2011ஆம் ஆண்டில். புழு பரவியபின் 23 ஆண்டுகள் கழித்து. ஒரு குறையைக் கண்டறிவதற்கும் அதன் வேரைப் பிடுங்குவதற்கும் இடையே எவ்வளவு காலம் ஓடக்கூடும் என்பதை இத்துறைக்கு வருபவர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

வேரைப் பிடுங்கினாலும் விதை வேறெங்கோ முளைக்கிறது. 2014 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ குறை, இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இரண்டு ஆண்டுகளாக இருந்துவந்தது. தொடர்பு உயிருடன் இருக்கிறதா என்று அறிய ஒரு கணினி சிறு சொல்லொன்றை அனுப்பி, அதன் நீளத்தையும் கூறி, அதையே திருப்பி அனுப்பும்படி கேட்கும். அனுப்பியது ஒரே எழுத்தாக இருந்தும் நீளம் 65,535 என்று பொய் சொன்னால், எதிர்ப்புறத்துச் சர்வர் அதை நம்பி, அந்த ஓர் எழுத்தோடு தன் நினைவகத்தில் அதை அடுத்துக் கிடந்த கடவுச்சொற்களையும் மறைகுறியீட்டுத் திறவுகோல்களையும் சேர்த்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். நீளத்தைச் சொல்பவர் உண்மையே சொல்வார் என்பதே இங்கும் நம்பிக்கை. கூகுளின் நீல் மேத்தாவும் ஃபின்லாந்தின் கோடெனோமிகான் நிறுவனத்தாரும் ஒருவரையொருவர் அறியாமல், ஏறத்தாழ ஒரே காலத்தில் இதைக் கண்டறிந்தனர்.

எடுகோளைத் தேடுவதற்கு எப்போதும் நினைவகத்தின் ஆழம்வரை இறங்க வேண்டியதில்லை. பள்ளிக் கணக்கே போதுமாயிருந்த நேரமும் உண்டு. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் லட்சுமண் முத்தையா 2019ஆம் ஆண்டில் இன்ஸ்டகிராமில் கண்டறிந்த குறை அத்தகையது. கடவுச்சொல்லை மறந்த பயனரின் கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். பத்து நிமிடத்துக்குள் அதை இட்டால் கணக்கு திறக்கும். ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் வாய்ப்புகள். ஒருவரே இருந்து எல்லாவற்றையும் முயன்றுபார்க்க முடியாதபடி, ஓர் ஐபி முகவரியிலிருந்து, அதாவது இணையத்தில் ஒரு கணினிக்குரிய எண் முகவரியிலிருந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் முயற்சிகள் வந்தால் அவை தடுக்கப்படும். அவர் ஏறத்தாழ ஆயிரம் கோரிக்கைகளை அனுப்பிப் பார்த்தபோது 250 உள்ளே சென்றன, மற்றவை தடுக்கப்பட்டன.

பலரும் இந்த இடத்தில் ‘தடுப்பு இருக்கிறது’ என்று முடிவுசெய்து நகர்ந்திருப்பார்கள். ஆய்வாளரோ தடுப்பு யாரை எண்ணுகிறது என்று கேட்டார். அது மனிதரை எண்ணவில்லை, முகவரியை எண்ணியது. ஒரு தாக்குநர் என்பவர் ஒரு முகவரி என்பதே அங்கிருந்த எடுகோள். முகவரிகள் 5,000 இருந்தால் பத்து லட்சத்தை அவற்றுக்குப் பங்கிட ஒவ்வொன்றுக்கும் 200 முயற்சிகளே விழும். அது 250க்கு உட்பட்டது, தடுப்பு விழிக்கவே விழிக்காது. மேகக் கணினிச் சேவைகளில் அத்தனை முகவரிகளை வாடகைக்குப் பெற ஏறத்தாழ 150 டாலர் போதும் என்று அவர் கணக்கிட்டார். ஆயிரம் முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு லட்சம் எண்களை அனுப்பிக் காட்டி, இது நடக்கக்கூடியதே என்று நிறுவியபின் நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பினார்; குறை திருத்தப்பட்டது, அவருக்கு 30,000 டாலர் பரிசு கிடைத்தது. இந்த ஆய்வுக்கு விலையுயர்ந்த கருவியோ கமுக்கமான நிரலோ தேவைப்படவில்லை என்பதையும், ஐந்தில் ஒரு பங்கு சான்று போதும் என்று அவர் நிறுத்திக்கொண்டதையும் இளம் வாசகர் ஒருசேரக் கவனிக்க வேண்டும்.

மனிதக் கண்ணின் வாசிப்புக்குத் துணையாக இயந்திர வாசிப்பும் உண்டு. அதன் தொடக்கம் மழையோடு தொடர்புடையது. 1988ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், மாரிஸின் புழு பரவிய அதே பருவத்தில், விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் தம் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தபோது, இடிமழையால் கம்பியில் இரைச்சல் கலந்து, அவர் தட்டிய எழுத்துகளிடையே வேண்டாத எழுத்துகள் புகுந்தன. அவரை வியப்பிலாழ்த்தியது இரைச்சல் அன்று. அந்த வேண்டாத எழுத்துகளைப் பெற்றதும் பலராலும் அன்றாடம் பயன்படுத்தப்படும் யூனிக்ஸ் இயங்குதள நிரல்கள் உயிரிழந்து நின்றதுதான். வேண்டுமென்றே தாறுமாறான எழுத்துகளை உண்டாக்கி நிரல்களுக்கு ஊட்டிப் பார்க்கும் வேலையை அவர் தம் மாணவர்களுக்கு வகுப்புப் பயிற்சியாகக் கொடுத்தார். 1990இல் வெளியான அவர்களது முடிவின்படி, சோதிக்கப்பட்ட யூனிக்ஸ் பயன்பாடுகளில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை முறிந்தோ உறைந்தோ போயின.

‘ஃபஸ்ஸிங்’ என்று பெயர்பெற்ற அந்த முறை இன்று வெகுவாக வளர்ந்துவிட்டது. மிகால் சலேவ்ஸ்கி 2013இல் வெளியிட்ட ஏஎஃப்எல் என்னும் கருவி, குருட்டாம்போக்கில் எழுத்துகளை வீசுவதோடு நில்லாமல், எந்த உள்ளீடு நிரலை இதுவரை காணாத பாதையில் செலுத்துகிறது என்று கவனித்து, அத்தகைய உள்ளீடுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றையே மேலும் மாற்றிப் பெருக்குகிறது. பயிர்வளர்ப்பில் நல்ல மணியைப் பொறுக்கி விதைக்கு வைப்பதைப் போன்ற முறை இது. ஆனால் இயந்திரம் சொல்வது ‘இங்கே முறிந்தது’ என்பது மட்டுமே. முறிந்ததற்குக் காரணம் என்ன, அது வெறும் பிழையா அல்லது கணினியைக் கைப்பற்ற உதவும் வாசலா, இதே தவறு வேறெங்கெல்லாம் இருக்கும் என்ற கேள்விகளுக்கு விடை காண மீண்டும் ஒரு மனிதர் உட்கார்ந்து வாசிக்கத்தான் வேண்டும். ஒரு முறிவுக்குப் பின்னால் மூன்று வாரம் செலவிட்டு, அது யாருக்கும் தீங்கிழைக்க முடியாத பிழை என்று கண்டுகொள்வது இத்தொழிலில் சாதாரணமாக நடப்பது; அந்த மூன்று வாரத்தை இழப்பாகக் கருதாத மனம் இல்லாதவருக்கு இந்த வேலை துன்பமாகிவிடும்.

மென்பொருளுக்கு அடியிலும் எடுகோள்கள் உண்டு. 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகிய குறைகள் செயலிகளின் வடிவமைப்பிலேயே இருந்தன. வேகத்துக்காக, செயலி அடுத்து என்ன வரும் என்று ஊகித்து முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது; ஊகம் தவறினால் அந்தக் கணக்கைக் கைவிட்டு எதுவும் நடவாதது போலத் தொடர்கிறது. கைவிட்ட கணக்கு சுவடின்றி மறையும் என்பதே வடிவமைத்தவர்களின் எண்ணம். ஆனால் ஊகத்தின்போது தொட்ட தரவு, செயலியின் அருகிலிருக்கும் விரைவு நினைவகத்தில் தங்கிவிடுகிறது. அங்கே தங்கியதைப் படிப்பதற்கு ஆகும் நேரம் குறைவு என்பதால், நேரத்தை அளந்தே மறைவான தரவை ஊகித்துவிடலாம். ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும், கூகுளின் யான் ஹார்னும், வேறு சிலரும் தனித்தனியே இதை வந்தடைந்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாத ஒன்று ஓராண்டுக்குள் பலர் கண்ணில் படுகிறது என்றால், முந்தைய ஆய்வுகள் அந்தக் கேள்வியைப் பழுக்கவைத்திருந்தன என்றுதான் பொருள்கொள்ள வேண்டும். தனிமேதையின் மின்னல் என்று சொல்லப்படும் கண்டுபிடிப்புகள் பலவற்றின் பின்னாலும், பிறர் எழுதிய கட்டுரைகளைப் பொறுமையாகப் படித்த காலம் ஒன்று இருக்கிறது.

இதிலிருந்து பயிற்சியைப் பற்றிய முடிவு தானே வந்துவிடுகிறது. ஆறு வாரத்தில், பத்து வாரத்தில் ‘எத்திகல் ஹேக்கர்’ ஆக்குவதாகச் சொல்லும் வகுப்புகள் கற்பிப்பவை பெரும்பாலும் கருவிகளின் பொத்தான்களை. ஒரு கருவி ஏற்கெனவே யாரோ கண்டுபிடித்த குறையைத்தான் தேடும் என்பதால், அதை மட்டும் அறிந்தவர் ஆய்வின் வாசலில் வந்து நிற்கிறாரே தவிர உள்ளே நுழைவதில்லை. சி மொழி, செயலியின் கட்டளைகளை நேரடியாகக் காட்டும் அசெம்பிளி மொழி, இயங்குதளம் நினைவகத்தை எவ்வாறு பங்கிடுகிறது என்ற அறிவு, வலைப்பின்னல் நெறிமுறைகள், மறைகுறியீட்டியல் பக்கம் செல்ல விரும்புவோருக்கு எண்கோட்பாடும் நிகழ்தகவும் ஆகிய அடித்தளப் பாடங்கள்தாம் உண்மையான நுழைவுச்சீட்டு. பொறியியல் பட்டப் பாடத்திட்டத்தில் இவை ஏற்கெனவே இருக்கின்றன என்பதும், மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யப்பட்டுத் தேர்வு முடிந்ததும் மறக்கப்படுகின்றன என்பதும் வருத்தத்துக்குரிய செய்தி. இயங்குதளப் பாடத்தைத் தேர்வுக்காக அன்றி, ‘இதை எழுதியவர் எதை நம்பினார்’ என்ற கேள்வியோடு இரண்டாம் முறை படிக்கும் மாணவர் பாதித் தொலைவைக் கடந்துவிட்டார்.

கற்றதைப் பிறருக்குத் தீங்கின்றிச் செய்துபார்க்கக் களங்களும் உள்ளன. ‘கேப்சர் த ஃபிளாக்’ எனப்படும் போட்டிகளில், வேண்டுமென்றே குறையோடு அமைக்கப்பட்ட நிரல்களுக்குள் ஒளித்துவைத்த குறிச்சொல்லைக் கண்டெடுக்க வேண்டும். லாஸ் வேகஸில் நடக்கும் டெஃப்கான் மாநாட்டில் 1996 முதல் இவ்வகைப் போட்டி நடைபெற்றுவருகிறது. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகத்தின் கேரள வளாக மாணவர்கள் பல ஆண்டுகளாக நடத்திவரும் ‘பயாஸ்’ அணி உலகப் போட்டிகளில் அறியப்பட்ட அணி. இந்திய மாணவர்களுக்கான போட்டியையும் அது நடத்துகிறது. ஓவர்தவயர் என்னும் இணையத்தளத்தின் ‘பேண்டிட்’ பயிற்சி, லினக்ஸ் கட்டளை ஒன்றுகூட அறியாதவரையும் படிப்படியாக அழைத்துச் செல்வது, கட்டணமற்றது. இப்போட்டிகள் ஒன்றில் மட்டும் ஏமாற்றக்கூடியவை: அங்கே குறை நிச்சயமாக இருக்கிறது என்று முன்பே தெரியும். உண்மை உலகில் குறை இருக்கிறதா என்பதே தெரியாமல் மாதக்கணக்கில் தேட வேண்டும்.

தேடிக் கண்டபின் என்ன செய்வது என்பதில்தான் இந்த அறிவியல் பிற அறிவியல்களிலிருந்து முற்றிலும் வேறுபடுகிறது. புதிய விண்மீனைக் கண்டவர் அன்றே ஊரறியச் சொல்லலாம். புதிய பாதுகாப்புக் குறையைக் கண்டவர் அவ்வாறு சொன்னால், திருத்தம் வருவதற்குமுன் அது தாக்குநர் கைக்குப் போய்விடும். சொல்லாமலே இருந்தால் திருத்தமே வராது. இதற்கான நடுவழியாக உருவான நெறியே ஒருங்கிணைந்த வெளிப்படுத்தல்: மென்பொருளை உருவாக்கியவருக்கு முதலில் கமுக்கமாக அறிவித்து, ஒரு கால அளவு கொடுத்து, அதன்பின் பொதுவெளியில் வெளியிடுவது. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு 2014இல் தொடங்கப்பட்டபின் 90 நாள் என்ற வரையறையை வழக்கமாக்கியது. கெடு இல்லாதபோது சில நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் காலம் கடத்தியதைக் கண்டவர்களுக்கு அதன் நியாயம் புரியும்.

இந்நெறியின் மிக உயர்ந்த எடுத்துக்காட்டு டேன் கமின்ஸ்கியின் 2008ஆம் ஆண்டுச் செயல். இணையத்தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பில், கேள்விக்குரிய விடைதான் இது என்று அடையாளம் காண 65,536 வாய்ப்புகள் கொண்ட ஓர் எண் பயன்பட்டது. அந்த எண்ணை ஊகித்துப் பொய் விடை அனுப்ப ஒருவருக்கு ஒரு முறைதான் வாய்ப்பு, தவறினால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். ஒரே தளப்பெயரின் கீழ் வரும், உண்மையில் இருப்பில் இல்லாத பெயர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிக் கேட்டுக்கொண்டே போனால் காத்திருக்கவே தேவையில்லை, ஒவ்வொரு கேள்வியும் புதிய வாய்ப்பு என்று கமின்ஸ்கி கண்டார். அவ்வழியில் ஒரு வங்கியின் பெயருக்குத் திருடனின் முகவரியைச் சில நொடிகளில் ஒட்டிவிட முடியும். அதை அவர் விற்கவில்லை, உடனே மேடையேறிச் சொல்லவுமில்லை. போட்டி நிறுவனங்களின் பொறியாளர்களை ஒரே அறைக்கு அழைத்து, மாதக்கணக்கில் கமுக்கம் காத்து, 2008 ஜூலை 8 அன்று எல்லோரும் ஒரே நாளில் திருத்தத்தை வெளியிடும்படி செய்தார். 2021இல் தம் 42ஆம் வயதில் அவர் மறைந்தபோது, அவரை நேரில் அறியாத பலரும் துக்கம் கொண்டாடியதன் காரணம் அந்தச் சில மாத மௌனம்தான்.

மௌனத்துக்கு விலை வைப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. குறைகளை வாங்கி அரசுகளுக்கு விற்கும் இடைத்தரகு நிறுவனங்களுள் ஒன்று, ஐஃபோனை அதன் உரிமையாளர் எதையும் தொடாமலேயே தொலைவிலிருந்து கைப்பற்றும் முறைக்கு 2019இல் 20 லட்சம் டாலர் வரை தருவதாக விளம்பரம் செய்தது. அவ்வாறு விற்கப்படும் அறிவு எங்கே போய்ச் சேரும் என்பதற்கு 2016ஆம் ஆண்டே சான்று கிடைத்துவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் அகமது மன்சூரின் கைபேசிக்கு, சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய கமுக்கம் என்று சொல்லி ஓர் இணைப்பு வந்தது. அவர் அதைத் தொடாமல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். அவர்கள் அந்த இணைப்பைப் பின்தொடர்ந்து, அதுவரை ஆப்பிள் நிறுவனமே அறிந்திராத மூன்று குறைகளும், பின்னாளில் உலகெங்கும் பேசப்பட்ட பெகாசஸ் உளவு மென்பொருளும் அதன் மறுமுனையில் இருந்ததைக் கண்டறிந்தனர். இரண்டு வாரங்களுக்குள் திருத்தம் வெளியானது. தாக்கப்பட்டவர் பக்கம் நின்று செய்யும் இத்தகைய ஆய்வில் வருமானம் குறைவு. ஆயினும் இத்தொழிலுக்கு மானம் என்று ஒன்று இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது.

இந்தியச் சூழலில் ஆய்வு செய்பவர் சட்டத்தையும் கருவியைப் போலவே கற்றிருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியில் நுழைவதைத் தவறு என்கிறது. நேர்மையற்ற அல்லது வஞ்சக நோக்கத்தோடு அதைச் செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தம் மனத்தில் தீய நோக்கம் இல்லை என்பது ஆய்வாளருக்குத் தெரியும். அதைக் காவல் நிலையத்தில் மெய்ப்பிப்பது வேறு விஷயம். ஐதராபாத்தைச் சேர்ந்த ஹரிபிரசாத், வெளிநாட்டு ஆய்வாளர்கள் இருவரோடு சேர்ந்து 2010இல் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டபின், அந்த இயந்திரம் அவர் கைக்கு எவ்வாறு வந்தது என்ற கேள்வியின்பேரில் கைதுசெய்யப்பட்டுப் பின்னர்ப் பிணையில் வெளிவந்தார். கட்டுரையின் முடிவுகளைத் தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. அந்த விவாதம் தனி. ஆய்வுப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் இங்கே நேரடியாகப் பயன்படும் பாடம். ஆகையால் தொடக்கநிலை ஆய்வாளர் தம் சொந்தக் கணினியில் நிறுவிய மென்பொருள், தமக்குரிய கணக்கு, பரிசுத் திட்டம் அறிவித்த நிறுவனம் தானே வரையறுத்துக் கொடுத்த எல்லை ஆகியவற்றுக்கு வெளியே ஓர் அடியும் வைக்காதிருப்பது நல்லது. அரசு நிறுவனங்களின் தளங்களில் தற்செயலாகக் கண்ட குறைகளை அறிவிக்க, 2004 முதல் இயங்கிவரும் செர்ட்-இன் அமைப்பு உள்ளது.

வாழ்க்கைப்பாட்டுக்கான வழிகள் மூன்று. பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாக மேற்கொண்டு, யூஸ்நிக்ஸ் போன்ற மாநாடுகளில் கட்டுரை வெளியிடுவது முதல் வழி. வன்பொருள் பாதுகாப்பில் சென்னை ஐஐடியில் நடைபெறும் ஆய்வு இதற்குத் தமிழ்நாட்டிலேயே உள்ள வாய்ப்பு. பெருநிறுவனங்களின் ஆய்வுக் குழுக்களில் சேர்வது இரண்டாவது. குறைகளை அறிவித்துப் பரிசு பெறும் ‘பக் பவுண்ட்டி’ மூன்றாவது. பெரிய பரிசுகளின் செய்தியால் ஈர்க்கப்பட்டு மாணவர்கள் முதலில் ஓடுவது இதற்குத்தான். ஒரே குறையைப் பலர் கண்டால் முதலில் அறிவித்தவருக்கே பரிசு. பத்து நாள் உழைத்து எழுதிய அறிக்கைக்கு ‘டூப்ளிகேட்’ என்ற ஒற்றைச் சொல் பதிலாக வருவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. குடும்பத்தின் மாதச் செலவை அதன்மேல் ஏற்றுவது தொடக்கத்தில் பொருந்தாது. ஒரு வேலையோடு சேர்த்துச் செய்தால் அதைவிட நல்ல பள்ளிக்கூடமும் இல்லை. மூன்று வழிக்கும் பொதுவாக வேண்டியது எழுத்துத் திறன். குறையை மீண்டும் உண்டாக்கும் படிகள், அதனால் நேரக்கூடிய தீங்கின் உண்மையான அளவு, தோற்றுவாய் என்று நாம் கருதும் வரி ஆகியவற்றை, முன்பின் அறியாத பொறியாளர் ஒருவர் வேலை நெருக்கடிக்கிடையே படித்து நம்பும்படி எழுதத் தெரியாதவரின் கண்டுபிடிப்பு, பல நேரம் கண்டுகொள்ளப்படாமலே போகிறது.

ஆனால் இந்த வாசிப்பு தொழில்முறை ஆய்வாளருக்கு மட்டும் உரியதன்று. மார்ச் 2024இல் உலகம் தப்பிப் பிழைத்த ஒரு நிகழ்ச்சியில், காப்பாற்றியவர் பாதுகாப்பு ஆய்வாளரே அல்லர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களுள் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், வேறொரு வேகச் சோதனைக்காகத் தம் கணினியை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து உள்நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் நிரல், தவறான பெயரோடு வந்து உடனே விரட்டப்பட வேண்டிய முயற்சிகளுக்குக்கூடச் செயலியின் நேரத்தை மிகுதியாக விழுங்குவதைக் கவனித்தார். முன்பு 0.3 நொடியில் முடிந்த உள்நுழைவு இப்போது 0.8 நொடி எடுத்தது. அரை நொடி, எவரும் தோளைக் குலுக்கிவிட்டு நகரக்கூடிய தாமதம். அவர் நேரம் எங்கே செலவாகிறது என்று அளந்தார். அது எஸ்எஸ்எச்சோடு நேரடித் தொடர்பே இல்லாத, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் என்ற நூலகத்துக்குள், பெயர் குறிப்பிடப்படாத ஏதோ ஓரிடத்தில் செலவானது. சில வாரங்களுக்கு முன் நினைவகச் சோதனைக் கருவி ஒன்று கொடுத்த விளங்காத எச்சரிக்கை அவர் நினைவுக்கு வந்தது.

தோண்டத் தோண்ட, நூலகத்தின் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில், பழுதான சுருக்கக் கோப்புகளைப்போல் தோற்றமளித்த தரவுக்குள் ஒரு கள்ளவாசல் ஒளித்துவைக்கப்பட்டிருப்பது வெளிப்பட்டது. அதை வைத்தவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நல்ல திருத்தங்களை அனுப்பி, ஊதியமின்றித் தனியாளாக அந்த நூலகத்தைப் பேணிவந்த களைத்துப்போன ஒருவரின் நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பில் பங்கும் பெற்றிருந்தார். இங்கே பொய்யான எடுகோள் எந்த நிரல் வரியிலும் இல்லை. நெடுநாள் உதவிய கை நல்ல கையாகத்தான் இருக்கும் என்ற, மனிதர்கள் சேர்ந்து வேலை செய்ய இன்றியமையாத நம்பிக்கையில் இருந்தது. ஹார்ட்பிளீட் காலத்தில் ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர் மட்டுமே நன்கொடை வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கான வேலை எங்கே குவிந்து கிடக்கிறது என்பது தெரியும்: கோடிக்கணக்கான கணினிகள் சாய்ந்து நிற்கும், ஆனால் எவரும் வாசிக்காத நிரல்களில்.

ஃபிராய்ண்ட் தம் கண்டுபிடிப்பை மார்ச் 29 அன்று பொதுவில் எழுதினார். கள்ளவாசல் கலந்த பதிப்புகளான 5.6.0உம் 5.6.1உம் அப்போது பெரும்பாலும் லினக்ஸ் வெளியீடுகளின் சோதனைப் பதிப்புகளுக்கே போயிருந்தன. உலகின் சர்வர்களுக்குப் போய்ச் சேரும் நிலைப்பதிப்புகளில் அவை இன்னும் இடம்பெறவில்லை. பல வெளியீடுகளின் பராமரிப்பாளர்கள் விரைவிலேயே பழைய பதிப்புக்குத் திரும்பினர். பின்வந்த வாரங்களில் பல நாட்டு ஆய்வாளர்கள் அந்தச் சோதனைக் கோப்புகளைப் பிரித்து, ஜியா டான் இட்ட ஒவ்வொரு திருத்தத்தையும் முதலிலிருந்து, வரி வரியாக, வாசிக்கத் தொடங்கினர்.